மறுபடி அக்கா

டப்பாவைக் கையில் வாங்கியதும் முதல் வேலையாக அதை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிப்பாள். லேசாகச் சாய்ப்பாள். ஒரு கண்ணைச் சுருக்கி, தட்டான் வைரக் கல்லில் நீரோட்டம் பார்ப்பது போல ஒரு பார்வை. பிறகு மூடி இறுகியிருக்கிறதா என்று திருகிப் பார்ப்பாள். ஒட்டியிருக்கும் சீட்டைப் படிப்பாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். இத்தனையும் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குள் எதிரே நிற்கிறவருக்கு வியர்த்துவிடும்.

“எத்தனை மணிக்குப் புடிச்சீங்க?”

“காலைலதாங்க.”

“எந்தக் காலைல? பால்காரர் வந்த காலையா, ஸ்கூல் பஸ் போன காலையா?”

அவர் தலையைச் சொறிந்தால் தீர்ந்தது. கொண்டுவந்தது அவர் கைக்கே திரும்பிவிடும். கூடவே புதிதாக ஒரு காலி டப்பாவும், ஒரே ஒரு சொல்லும்: “மறுபடி.”

பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. ஆய்வுக்கூடத்துக்குத் தலைவியான டாக்டரம்மா முதல் வாசலில் வண்டி நிறுத்துகிறவர் வரை எல்லோருக்கும் அவள் மறுபடி அக்காதான். அவளுக்கும் அதில் வருத்தம் கிடையாது. “திட்டிக் கூப்பிடறதுக்கு இது தேவலை” என்பாள்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம் ஒரு நீண்ட அறை. ஐந்து மேசைகள். ரத்தம் பார்க்கிறவர்களுக்குக் குளிர்சாதனம் இருக்கிற பக்கம். அக்காவுக்குக் கழிப்பறைக்குப் பக்கத்தில் ஜன்னலோர மேசை. “எனக்குச் சரக்கு வர்ற வழி கிட்டத்துல இருக்கணும்ல” என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருக்கிறாள். பத்தொன்பது வருடமாக அதே மேசை. நாற்காலி ஆடினால் கீழே வைக்க, எட்டாக மடித்த அட்டை. பேனாவைக் கட்டுத்துணி நூலால் சட்டைப் பையோடு கட்டி வைத்திருப்பாள். டாக்டர்கள் இரவல் வாங்கினால் பேனா போன இடம் தெரியாது என்பது அவள் அனுபவம்.

ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போருக்குப் போவது போல வருவார்கள். அக்காவிடம் வருகிறவர்கள் மட்டும் திருட்டு நகையோடு வருகிறவர்கள் மாதிரி வருவார்கள். செய்தித்தாளில் சுற்றி, அதைப் பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டிருப்பார்கள். என்னவென்று கேட்டால் ‘அது’ என்பார்கள். ‘சின்ன டெஸ்ட்டு’ என்பார்கள். கொஞ்சம் படித்தவர்கள் ‘சாம்பிள்’ என்பார்கள். அக்கா மட்டும் பச்சையாக மூத்திரம் என்பாள், வரிசைக் கடைசி வரை கேட்கும்படி. அவளுக்கு வாய்த்த தொண்டை அப்படி. தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி.

அந்தத் தொண்டையோடு கொஞ்சம் குறும்பும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். ஒருமுறை ஒருவர் கழுவிய சென்ட் பாட்டிலில் கொண்டுவந்தார். அக்கா மூடியைத் திறந்து, “வாசம் பிரமாதம். மறுபடி” என்றாள். வரிசையே சிரித்தது. கொண்டுவந்தவரும் சிரிக்கப் பார்த்தார்.

பிடிவாதம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீர்க்கடுப்புக்குக் காரணமான கிருமி எது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. கழுவாத பாட்டிலில் வந்தால் பாட்டிலின் கிருமியும் வளரும். சூட்டில் கிடந்து வந்தால் பத்தாயிரம் இருந்தது பத்து லட்சமாகப் பெருகியிருக்கும். அதைப் பார்த்து மருந்து எழுதினால் இல்லாத நோய்க்கு வைத்தியம் ஆகிவிடும். அதனால்தான் ஒவ்வொருவரிடமும் பாடம் ஒப்பிப்பது போலச் சொல்வாள்: “முதல்ல வர்றது வழியக் கழுவிட்டு வரும், அத விட்டுடுங்க. நடுவுல வர்றதப் புடிங்க. புடிச்சா உடனே கொண்டாங்க.”

வந்ததில் மெல்லிய வளையக் கம்பியை ஒரு முக்கு முக்கி, ஊட்டம் கலந்து உறையவைத்த வட்டத் தட்டில் கோலம் போல இழுப்பாள். தட்டு ஒரு நாள் முழுக்கக் கதகதப்பான பெட்டிக்குள் இருக்கும். மறுநாள் பார்த்தால் ஒவ்வொரு கிருமியும் ஒரு புள்ளியாக வளர்ந்திருக்கும். நூறு புள்ளி என்றால் ஒரு மில்லியில் ஒரு லட்சம் என்று கணக்கு. நடுவில் யாராவது அவசரப்பட்டுப் பெட்டியைத் திறக்கப் போனால், “பிள்ளைத்தாச்சி வயித்தத் தொறந்து தொறந்து பாப்பீங்களா?” என்று ஒரு சத்தம் வரும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அணுக்களை எண்ணும் இயந்திரம் ஒன்று வந்தது. அக்கா அதற்கு விரோதி இல்லை. தினமும் துடைத்து வைப்பாள். ஆனால் அது சந்தேகக் குறி போட்ட ஒவ்வொன்றையும் தானே மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டாள். “மெஷின் எண்ணும். பாக்காது.”

அவளுடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலையைப் பற்றி யாராவது விசாரித்தால், “மேல போறது நின்னா நான் போவேன், கீழ போறது நின்னா அவ பாப்பா” என்பார். மகள் வேறு ஊரில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். இந்த வீட்டில் ஒருவருக்குமே அக்காவின் வேலையைச் சொல்ல வெட்கம் கிடையாது.

வெட்கம் கணவரின் அக்காவுக்குத்தான்.

அவர் முப்பத்துநான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். சொந்தத் தம்பியே அவரை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார். வயது அறுபத்தொன்று. வாழ்க்கைத் துணை போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. ஊரின் அந்தக் கோடியில் தனியாக, தன் பென்ஷனில், யாரிடமும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்காமல் இருக்கிறவர். வேறு எதிலும் பொய் சொல்லாத மனுஷி. தம்பி மனைவிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் மட்டும், “ஆஸ்பத்திரில ஆபீஸ்ல இருக்கா” என்பார். அக்கா பக்கத்திலேயே நின்று அதைக் கேட்டிருக்கிறாள். ‘அண்ணி சொல்ற ஆபீஸ்ல ஏசி இருந்தா நல்லாருக்கும்’ என்று கணவரிடம் சொல்லிச் சிரித்ததோடு சரி.

ஒரு திங்கட்கிழமை ஓர் ஆட்டோக்காரர் வரிசையில் வந்து நின்றார். யாருக்காகவோ கொண்டுவந்திருக்கிறார். சீட்டில் அக்கா கேள்விப்படாத ஒரு பெண் பெயர், வயது நாற்பத்தைந்து, அனுப்பிய டாக்டர் என்ற இடத்தில் ஒரு கோடு, போன் நம்பர் இல்லை. சாப்பாட்டுப் பையின் அடியிலிருந்து அவர் எடுத்தது இருமல் மருந்துப் பாட்டில்.

“இருமலுக்குக் குடுத்த பாட்டில்ல இதப் புடிச்சா, இதுவும் உக்காந்து இருமும்” என்றாள் அக்கா. புது டப்பாவைக் கொடுத்தாள். “மறுபடி.”

அந்த வாரமே, வெள்ளிக்கிழமை, அவர் சரியான டப்பாவோடு வந்தார். கவுன்டரில் இருந்த பெண் நேரத்தைக் கேட்டு எழுதினாள். காலை ஏழு மணிக்குப் பிடித்தது. கடிகாரத்தில் பதினொன்றரை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, இன்னும் இரண்டு சவாரியும் முடித்துவிட்டு வந்திருக்கிறார். பை அத்தனை நேரமும் வண்டியின் கைப்பிடியில் வெயிலில் தொங்கியிருக்கிறது.

“நாலரை மணி நேரம்” என்றாள் அக்கா. “வெயில்ல தனியா விட்டா கிருமி சும்மா இருக்குமா? இந்நேரம் கல்யாணம் பண்ணி, புள்ள பெத்து, பேரன் பேத்தி எடுத்திருக்கும்.”

வரிசை குலுங்கியது. ஆட்டோக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“அந்தம்மா கூச்சப்படுதுங்க. நேர்ல வராது.”

“வர வேணாம். ஐஸ்ல வச்சுக் குடுத்து விடச் சொல்லுங்க. நேரத்த அவங்க கையாலயே எழுதச் சொல்லுங்க. வாய்வார்த்தை வேணாம்.”

அடுத்த வியாழக்கிழமைதான் மூன்றாவது வந்தது. ஐஸ் நிரப்பிய அகலவாய் ஃப்ளாஸ்க்குக்குள் டப்பா. மேலே மடித்த சீட்டு. வந்த நேரம் பத்தேகால். “இவங்கதான் மனுஷி” என்று அக்கா வாய்விட்டுப் பாராட்டினாள். ஃப்ளாஸ்க்கைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்று ஆட்டோக்காரர் சொன்னார். ஐஸைக் கொட்டிக் கழுவித் தருகிறேன், டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தாள்.

வெளிச்சத்தில் கலங்கலாகத் தெரிந்தது. சோதனைப் பட்டையை முக்கியதும் ஊதாவாக மாறியது, சீழ் இருக்கிறது. தட்டில் கோடு இழுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். மிச்சத்தை மெஷினில் சுழற்றி, அடியில் படிந்ததை ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். மூன்றாவது இடத்துக்குக் கண்ணாடிச் சில்லை நகர்த்தியபோது அவள் கை நின்றது.

உருளையாக, இரண்டு பக்கமும் நேர்க்கோடு போட்டதுபோல, உள்ளே சீழ் அணுக்கள் அடைத்துக்கொண்டு கிடந்தது ஒன்று. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பிறகு இரண்டு. அதற்கு அச்சு என்று பெயர். சிறுநீரகத்துக்குள் முடியைவிட மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. அங்கே புண்ணானால், சீழும் சளி போன்ற ஒன்றும் சேர்ந்து, உருகிய மெழுகு அச்சில் உறைவது போல உறைந்து, அந்தக் குழாயின் வடிவத்திலேயே கழன்று வரும். சிறுநீர்ப்பையில் அது உண்டாக வழியே இல்லை. நோய் பையோடு நிற்கிறதா, மேலே ஏறிவிட்டதா என்று கேட்டால், பொய் சொல்லாத சாட்சி அதுதான்.

இது மேலே ஏறிவிட்டது. பதினோரு நாளாக யாரோ ஒரு பெண் காய்ச்சலோடு டப்பாவும் ஐஸும் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

உடனே ஆளைக் கூப்பிட வேண்டும். போன் நம்பர் எங்காவது இருக்கிறதா என்று, மடித்த சீட்டை அப்போதுதான் முழுக்க விரித்தாள். நம்பர் இல்லை. ‘காலை 9.40’ என்று மட்டும் இருந்தது. அதற்கு அடியில் ஸ்கேல் வைத்து இழுத்த இரண்டு கோடு.

அக்காவின் மகளுக்கு எட்டு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தது டீச்சர். எட்டு வருட நோட்டுகளிலும் கடைசி வரிக்கு அடியில் அதே இரண்டு கோடு. “அடியில ரெண்டு கோடு இல்லேன்னா அது விடையே இல்ல” என்று அதட்டுகிற குரல் அக்காவுக்குக் காதில் கேட்டது.

அவள் கையுறையைக் கழற்றினாள். டாக்டரம்மாவிடம் போய், கண்டதைச் சொல்லி, இரண்டு மணி நேரம் வெளியே போக வேண்டும் என்றாள்.

“யார்னு தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது டாக்டர். ஆனா எனக்குத் தெரியும்னு நான் வாய்விட்டுச் சொல்லக் கூடாது.”

டாக்டரம்மா போனை எடுத்தார். “கூட்டிட்டு வாங்க. பெட் சொல்லி வைக்கறேன்.”

ஆட்டோக்காரர் டீ குடித்துவிட்டு வந்திருந்தார். அக்கா ஃப்ளாஸ்க்கோடு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

“வண்டிய எடுங்க.”

“எங்கங்க?”

“இத வாங்கின எடத்துக்கு.”

“எடத்தச் சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேங்க.”

“நீங்க சொல்ல வேணாம். நானே வழி சொல்றேன்.”

மூன்று திருப்பம் அவள் வழி சொன்ன பிறகு, அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். “சொந்தமா?” என்று கேட்டார். அக்கா தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவர் வேகத்தைக் குறைத்தார். மேடு பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினார்.

கதவு திறக்க நேரமானது. வெளியே வெயில் கொளுத்துகிறது. டீச்சர் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். மின்விசிறி நின்றிருந்தது. அறை முழுக்கத் தைல வாசனை. மேசையில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை.

“என்ன இந்த நேரத்துல? வேலை இல்லையா?”

“இருக்கு அண்ணி. அதான் வந்தேன்.”

டீச்சர் அவள் தோளுக்கு மேலே வாசலைப் பார்த்தார். அங்கே ஆட்டோக்காரர், துடைத்த கண்ணாடியையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். அக்காவின் கையில் ஃப்ளாஸ்க். டீச்சர் அதைப் பார்த்தார். பார்க்காதது மாதிரி உள்ளே போய் உட்கார்ந்தார். உட்காரும்போது ஒரு கை வலப்பக்க இடுப்புக்கு மேலே போனது.

அக்கா எதிரே உட்கார்ந்தாள். தொண்டையை இறக்கிப் பேச வேண்டும் என்று அவளுக்கு அன்றுதான் தோன்றியது.

“லேப்ல ஒரு சிக்கல் அண்ணி. உங்கள ஒரு யோசனை கேக்கலாம்னு வந்தேன்.”

“சொல்லு.”

“ஒருத்தங்க சாம்பிள் வந்திருக்கு. வயசு நாப்பத்தஞ்சு. அட்ரஸ் இல்ல, போன் நம்பர் இல்ல. கிருமி மேல ஏறி, கிட்னி வரைக்கும் போயிருக்கு. காய்ச்சல் இருக்கும். குளிர் தூக்கிப் போடும். முதுகுல ஒரு பக்கம் குத்தும். அவங்க அத இடுப்புப் பிடிப்புன்னு நெனச்சுத் தைலம் தேச்சுட்டிருப்பாங்க.”

டீச்சரின் கை இடுப்பிலிருந்து இறங்கி மடிக்கு வந்தது.

“கிட்னிதான்னு எப்படிச் சொல்ற?”

அக்கா அச்சைப் பற்றிச் சொன்னாள். எப்படி உறைகிறது, என்ன வடிவம், எத்தனை பார்த்தாள் என்று.

“அது வேற எங்கயும் உண்டாகாதா?”

“கிட்னிக் குழாய்ல மட்டும்தான் அண்ணி.”

டீச்சர் தலையை ஆட்டினார். பிள்ளை போட்ட கணக்கில் ஒரு படி சரியாக இருந்தால் ஆட்டுகிற ஆட்டல்.

“அவ என்ன பண்ணணும்?”

“இன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வரணும். கடைல வாங்கின மாத்திரையில தீராது. நரம்புல ஊசி ஏத்தணும்.”

“ஒரு வாரம் கழிச்சு வந்தா?”

“ஒரு வாரம் இருக்கான்னு எனக்குத் தெரியல அண்ணி. ரத்தத்துல கலந்துட்டா அப்புறம் நம்ம கையில இல்ல.”

டீச்சருக்கு ஒரு நடுக்கம் வந்தது. பல்லைக் கடித்து அதை அடக்கினார். அடங்கியதும் கேட்டார்: “வந்தா, அங்க இன்னொரு தடவை குடுக்கணுமா?”

“ஆமா. மருந்து ஏத்தறதுக்கு முன்னாடி ஒருதரம்.”

“அத யார் பாப்பாங்க?”

“நான்தான்.”

“அதுதான் அவளுக்குக் கஷ்டம்.”

டீச்சர் மேசையிலிருந்த மாத்திரை அட்டையை ஓரமாக நகர்த்தினார். பிறகு சொன்னார்: “வேற லேப்ல குடுத்தா அரைகுறையாப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுடுவாங்கன்னு ஒருத்தி எப்பவும் சொல்லிட்டிருப்பா. அதனாலதான் அவ அங்க அனுப்பியிருக்கா. பாக்கறது நம்ம ஆளா இருக்கணும். யாரோடதுன்னு மட்டும் தெரியக் கூடாது. அவ்வளவுதான் அவ நெனச்சது.”

அக்கா ஃப்ளாஸ்க்கை மேசைமேல் வைத்தாள்.

“ரெண்டு தடவை திருப்பி அனுப்பினாங்களாம். அது சரி, விதி விதிதான். கல்யாணம், பேரன் பேத்தின்னு என்னமோ சொன்னாங்களாம், எல்லாரும் சிரிச்சாங்களாம். ஆட்டோக்காரர் நல்ல மனுஷன். ஒரு வார்த்தை விடாம வந்து சொன்னார்.” டீச்சர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. “அப்புறம் ஒரு வாரம் அவளுக்கு அனுப்பவே மனசு வரல.”

அக்கா மனசுக்குள் நாளை எண்ணினாள். பதினோரு நாளில் ஒரு வாரம் வெயிலால் வீணாகவில்லை; தன் வாயால் வீணாகியிருக்கிறது. “எனக்குக் கை சுத்தம் அண்ணி” என்றாள். “வாய்தான்.”

டீச்சர் மேசையைப் பிடித்து எழுந்தார். “பையில என்னென்ன எடுத்துக்கணும்?” என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வருவதற்கு முன்பே அக்கா அவரைக் கழிப்பறைக்கு அழைத்துப்போனாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று.

“வரல” என்றது உள்ளிருந்து குரல்.

வராது. முப்பத்துநான்கு வருடம், காலை எட்டு மணிக்குப் போனால் மாலை நாலு மணிக்குத்தான் என்று உடம்பைப் பழக்கி வைத்தவர். பள்ளிக்கூடத்தில் நாற்பது ஆசிரியர்களுக்கு ஒரே கழிப்பறை, அதற்கும் தாழ்ப்பாள் கிடையாது. தண்ணீர் குடித்தால்தானே போக வேண்டும் என்று தண்ணீரையே விட்டவர். பெரும்பாலான ஆசிரியைகள் செய்வதைத்தான் அவரும் செய்தார். அதில் ஒரு பெருமையும் வைத்திருந்தார்.

அக்கா வெளியே இருந்த கைகழுவும் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் தொட்டியில் விழுகிற சத்தம் நடை முழுக்கக் கேட்டது. துடைப்பத்தோடு வந்த பெண்ணைப் பிறகு வரச் சொல்லி அனுப்பினாள். கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

கதவு திறந்தபோது டீச்சர் அவளைப் பார்க்கவில்லை. “உள்ள ஜன்னல்ல வச்சிருக்கேன்” என்று சொல்லிக் கடந்து போனார். நாலடி போய் நின்று, திரும்பாமலே சொன்னார்: “பேரு என் பேரே எழுது. வயசு அறுபத்தொண்ணு.”

அன்று மாலை ஊசி ஏறத் தொடங்கியது. இரண்டு நாள் காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. அக்கா காலையும் மாலையும் பெட்டியைத் திறந்து தட்டைப் பார்த்தாள்; பிறர் திறந்தால் சத்தம் போடுகிறவளை அந்த இரண்டு நாளும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே வகைக் கிருமி, எண்ண முடியாத அளவுக்கு வளர்ந்திருந்தது. அதை வேறு தட்டில் பரப்பி, மேலே ஒவ்வொரு மருந்திலும் ஊறிய பொட்டுக் காகிதங்களை வைத்தாள். எந்த மருந்துக்குக் கிருமி அடங்குகிறதோ அந்தப் பொட்டைச் சுற்றி வெறும் வட்டம் விழும். மூன்றாம் நாள் காலை, டாக்டர் மருந்தை மாற்றி எழுதுவதற்காக அந்த முடிவை வார்டுக்கு அவளே எடுத்துப் போனாள்.

டீச்சர் தலையணையில் சாய்ந்திருந்தார். பக்கத்துக் கட்டிலில் ஆள் இருந்தது.

“அவளுக்கு எப்படி இருக்காம்?”

“லட்சத்தத் தாண்டிடுச்சு அண்ணி. அவங்க கடைல வாங்கிச் சாப்பிட்டாங்கல்ல ஒரு மாத்திரை, அதச் சுத்தி ஒரு பொட்டு எடம் விடல. விளிம்பு வரைக்கும் வந்து ஒக்காந்திருக்கு.”

டீச்சர் அதை மனசுக்குள் போட்டுப் பார்த்தார். “அப்ப ரெண்டு வாரமா காசு குடுத்து, கிருமிக்கு வேடிக்கை காட்டியிருக்கா.”

“கிட்டத்தட்ட.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் விலா வலித்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அக்காவைப் போகச் சொல்லி விரட்டினார்.

புது மருந்துக்கு அன்று இரவே காய்ச்சல் விட்டது. ஆறாம் நாள் வீட்டுக்குப் போனார். “டீச்சருக்கு என்னதான் ஆச்சு?” என்று கணவர் கேட்டார். காய்ச்சல் என்றாள் அக்கா. என்ன காய்ச்சல் என்றார். “வந்துச்சு, போயிடுச்சு” என்றாள். இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியவர், அதற்குமேல் தோண்டவில்லை.

இரண்டு வாரம் கழித்து டீச்சரிடம் மறுபடி வாங்கிப் பார்த்தபோது தட்டில் ஒன்றும் வளரவில்லை. இன்னும் ஒரு நாள் கூடுதலாக வைத்திருந்து, அதற்கும் பிறகுதான் தாழ்வாரத்துக்குப் போய் டீச்சருக்குப் போன் செய்தாள். “சுத்தமா இருக்கு அண்ணி.” அந்தப் பக்கம் ஒரு மூச்சு. “சரி. நான் தண்ணி குடிச்சிட்டிருக்கேன், வைக்கறேன்” என்று போனை வைத்துவிட்டார்.

அக்கா மேசைக்குத் திரும்பியபோது வரிசை நீண்டிருந்தது. வாடிக்கையான கேள்விகள் தொடங்கின. எந்தக் காலை, எத்தனை மணி, மறுபடி. ஒருவர் ஷாம்பூப் பாட்டிலோடு வந்தார். அக்காவின் வாய் வரை ஒரு கேலி வந்து திரும்பியது. புது டப்பாவை எடுத்து நீட்டி, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொல்லி அனுப்பினாள். கவுன்டர்ப் பெண் நிமிர்ந்து, அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டதா என்று பார்த்தாள்.

அடுத்து நின்றவர் பார்சல் கொண்டுபோகிற கம்பெனிச் சட்டை போட்ட நடுவயதுக்காரர். தலைக்கவசத்தைக் கவிழ்த்து வயிற்றோடு அணைத்திருந்தார். முறை வந்ததும் பின்னால் நிற்கிற பெண்களைத் திரும்பிப் பார்த்தார். தலைக்கவசத்துக்குள் கை போனது, வெளியே வரவில்லை.

அக்கா அவரை ஒன்றும் கேட்கவில்லை. உறை போட்ட கையை மேசைக்கு அந்தப் பக்கம் நீட்டி, உள்ளங்கையை விரித்து வைத்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, அங்கே பல வருடமாக ஒட்டியிருக்கும் தீயணைப்பு அறிவிப்பை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.